மாஷிமா கொடுத்த மெஷின்

மெஷின் மேல் போட்ட வெள்ளைத் துணியைத் தரைவரை இழுத்துவிட்டான் முத்துக்குமார். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்தவன் அவன்தான். வெறும் கூடு என்று தெரிந்தால் மானம் போய்விடும்.

"முத்துண்ணா, சால்ட் லேக் மாஷிமா வந்துட்டாங்க!" என்று வங்காளத்தில் குரல் கொடுத்தாள் நர்ஸ் மேக்னா.

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தரும ஆஸ்பத்திரி அது. மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு ஆக்ஸிஜன் தருகிற மெஷின்கள் நாலு. ஒரே கம்பெனிச் சரக்கு, நாலும் தானமாக வந்தவை. கொடுக்கிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ரிப்பேர் என்றால் முத்துக்குமார்தான் கதி!

நாலில் புதியது, மாஷிமா, அதாவது சித்தி, என்று நர்ஸுகள் கூப்பிடுகிற சுந்தரவல்லி அம்மாள் தன் மகன் பெயரில் வாங்கிக் கொடுத்தது. 'சாய் கிருஷ்ணா, பிறப்பு 1998' என்று பித்தளைத் தகடு. இறந்த வருஷத்தைப் பொறிக்க மறந்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியே பேசிக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் வருகிறார். கையில் ஒரு முழம் மல்லிகை.

"எங்கே தம்பி, என் புள்ள?"

'சர்வீஸுக்குப் போயிருக்கும்மா' என்ற பொய் தயாராகத்தான் இருந்தது. அது வாயில் வருவதற்குள் அவரே துணியை விலக்கிவிட்டார்.

"அய்யய்யோ! யாருப்பா இப்படிப் பண்ணது?"

"நான்தாம்மா." விலகிய துணியைக் கையில் சுருட்டிக்கொண்டான். "ஸ்டெபிலைசர் மாட்டச் சொன்னாங்க. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். போன காலபைசாகி புயல்ல கரண்ட் எகிறி, மெயின் போர்டு எரிஞ்சு போச்சு. அது இங்க கிடைக்காது. கம்பெனிக்கு ஆறு மெயில் போட்டேன், பதிலே இல்ல."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து மத்த மூணு மெஷினும் மக்கர். கம்ப்ரசரை ஒண்ணுல மாட்டினேன், வால்வை ஒண்ணுல, ஃபில்டரை ஒண்ணுல. உங்க புள்ள பேரு போட்டதைக் கூறு போட்டுட்டேன். பாவிம்மா நான்!"

சுந்தரவல்லி வார்டுக்குள் நடந்தார். மூன்று கட்டில், மூன்று மெஷின். ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து, அது ஓடுகிற அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தார்.

"இதுங்களுக்காவது ஸ்டெபிலைசர் மாட்டினியா?"

"மறுநாளே மாட்டிட்டேம்மா."

மல்லிகையை மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு மெஷின் மேலும் ஒன்று வைத்தார். முத்துக்குமாருக்குத் தாங்கவில்லை.

"என்னை நாலு வார்த்தை திட்டிடுங்கம்மா!" என்று அழுதேவிட்டான்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பைபாஸ்ல பைக் மோதினப்போ என் புள்ளைக்கும் மூளை மட்டுந்தான் தம்பி போச்சு, மத்ததெல்லாம் அஞ்சு பேருகிட்ட ஓடிக்கிட்டிருக்கு."