எஃப் பதினொன்று

“அவ முகம் தெரியக் கூடாது.”

போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். இதையே எத்தனை தடவைதான் சொல்வாள்!

“தெரியக் கூடாதுன்னா வெளியில உட்காரச் சொல்லுங்களேன்மா.”

“இல்லைங்க. குழந்தைக்கு முதல் பிறந்த நாள். படத்துல அத்தை இருக்கணும். ஆனா யாருன்னு தெரியக் கூடாது.”

முன்னால் நாற்காலியில் அண்ணிக்காரி, மடியில் குழந்தை. பக்கத்தில் அவள் புருஷன். பின்னால் சுவரோரம் அவன் தங்கை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள்.

இருபத்தெட்டு வருஷத் தொழில். தொப்பையைக் குறை, வழுக்கையை மறை என்பார்கள். வீட்டுப் பெண்ணைக் கலங்கலாக்கு என்று யாரும் கேட்டதில்லை.

லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தார். எஃப் ஒன்று புள்ளி எட்டு. முன்னால் இருப்பவர்கள் மட்டும் தெளிவு, பின்னால் மங்கல்.

அண்ணி எழுந்து வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். “கண்ணு மூக்கெல்லாம் தெரியுதே!”

“இதுக்கு மேல திறக்க லென்ஸ்ல இடம் இல்லைம்மா.”

“அப்ப அவளை இன்னும் தள்ளி நிறுத்துங்க.”

“எங்க தள்ள? சுவரை இடிக்கவா?” பல்லைக் கடித்தார். “நாற்காலியை இழுத்துக்கிட்டு நீங்க கேமரா கிட்ட வாங்க. கிட்ட வந்தா பின்னாடி தானா கரையும். ரெண்டு பேரும் ஒரே வரிசையில இருங்க. ஒருத்தர் நகர்ந்தாலும் போச்சு.”

வந்தார்கள். தங்கை வெறும் நிறமாகிப் போனாள்.

“இப்ப சரி.” அண்ணிக்கு முகம் மலர்ந்தது.

போட்டோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஆடாதீங்க.”

சத்தமில்லாமல் லென்ஸின் வாயை எஃப் பதினொன்றுக்குச் சுருக்கினார். விளக்கைக் கூட்டினார். க்ளிக். முன்னும் பின்னும் பளிச். தங்கை லேசாகச் சிரித்துக்கூட இருந்தாள்.

கேட்ட படங்களைக் கொடுத்தனுப்பினார். அந்த ஒன்றை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டினார். நல்ல படம் விழுந்தால் மாட்டுவது வழக்கம்தான். இது அதற்காக அல்ல.

“ஊரே பார்க்கட்டும்” என்றார் மனைவியிடம். “நாத்தனாரை மறைக்கிறாளாம், மகராசி!”

மூன்றாம் நாள் ஒருவன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

“சார், அந்தப் படம் எப்ப எடுத்தது?”

“போன ஞாயித்துக்கிழமை. ஏன், நல்லா இருக்கா?”

“பிரமாதம் சார். பின்னாடி நிக்கிறவ வரைக்கும் எவ்வளவு தெளிவு!”

“அதுதாங்க தொழில்.” போட்டோக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “அவங்களைத் தெரியுமா?”

“என் பொண்டாட்டி சார். இங்க வரவே இல்லைன்னு அண்ணனும் அண்ணியும் குழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணாங்க. நம்பிட்டேன்.” அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “போன தடவை அவ கையை மட்டும்தான் உடைச்சேன்.”