தௌனோவுக்கு மூன்று கிளாஸ்

பட்டப்பகலில் டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு பாட்டில் கடகடக்கும் சத்தம்.

வாசலிலேயே நின்றுவிட்டாள் சைஜா. தோளில் இருந்த பையை அவள் கீழே வைக்கவில்லை.

அது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? சல்மியாக்கி என்கிற கறுப்பு உப்பு மிட்டாயைப் பொடித்து வோட்கா பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, டிஷ்வாஷரில் சுடச்சுட ஒரு சுற்று விட்டால் முழுக்கக் கரைந்துவிடும். நடுக்கோடைப் பண்டிகை வந்தால் அந்த ஏரிக்கரையில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கும். அதிலும் அவள் அப்பா ரைமோவின் பாட்டிலுக்குத் தனி மவுசு.

டிஷ்வாஷர் வருவதற்கு முன்னால், சின்ன வயதில், கரைக்கிற வேலை சைஜாவுடையது. அப்பா மிட்டாய்களைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டுவார். அவள் பாட்டிலை மடியில் வைத்துக் கை வலிக்கக் குலுக்குவாள்.

காலுறையில் ஒட்டிய தூள்தான் கூலி. உள்ளங்கையில் உதறி நக்குவாள். உப்பு நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும், கண்ணில் நீர் முட்டும், மறுபடியும் நக்குவாள். பிறகு இரண்டு பேரும் கண்ணாடி முன் நின்று யார் நாக்கு அதிகக் கறுப்பு என்று நீட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள்.

அந்த அப்பா என்றால் அவளுக்கு உயிர். பாட்டில் காலியான பிறகு வருகிற அப்பா வேறு ஆள். அந்த ஆளுக்குப் பயந்துதான் ஏழு வருஷமாக அவள் இந்தப் பக்கமே வரவில்லை.

ஈஸ்டருக்கு அப்பா போன் செய்து, குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது என்றார். இரண்டு மாதம் யோசித்து, நம்பலாம் என்று முடிவு செய்து, நானூறு கிலோமீட்டர் வந்திருக்கிறாள். வந்தால் இந்தச் சத்தம்.

படகுத்துறைப் பலகையில் எதிர்க்கரை தௌனோ உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு நாற்பது வருஷமாகக் குடிக்கிறவர். அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் தம்பி ஒரு பண்டிகை நாளில் போதையில் படகேறிப் போய்ப் பிணமாகத் திரும்பியதிலிருந்து, ஒரு வாய் குடித்தாலும் துடுப்பைத் தொடமாட்டார். ஏரியைச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடந்தேதான் வீட்டுக்குப் போவார்.

அப்பா சூடான பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மூன்று கிளாஸில் ஊற்றினார். தௌனோ ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளித்து, ஹா என்று மூச்சு விட்டார். மூன்றாவது கிளாஸுக்கெல்லாம் தாளம் தப்பிய பாட்டு ஆரம்பமாகிவிட்டது.

தான் கிளம்புவதாகச் சொன்னாள் சைஜா.

அப்பா தடுக்கவில்லை. கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போறதுன்னா போ. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

ஆத்திரத்தில்தான் குடித்தாள். உப்பு, அதிமதுரம், மிளகின் காரம். நெஞ்சு எரியப்போகிறது என்று காத்திருந்தாள்.

எரியவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். வோட்கா இல்லை, மிட்டாய் கரைத்த வெறும் தண்ணீர்.

"பண்டிகைன்னா கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா, அதான்," என்றார் அப்பா, தணிந்த குரலில். பிறகு தௌனோ பக்கம் கண்ணைக் காட்டினார். "அவன்கிட்ட சொல்லிடாத. நாலு வருஷமா இதைக் குடிச்சுத்தான் பாடுறான். தெரிஞ்சா அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டான்."

சைஜா பையைக் கீழே வைத்தாள். நாக்கை நீட்டிக் காட்டினாள். அப்பாவும் நீட்டினார். இந்தத் தடவை அவர்தான் ஜெயித்தார்.

சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு விறகு வைக்க அப்பா வீட்டின் பின்பக்கம் போனார்.

பாட்டு நின்றது. தௌனோ எழுந்தார். தள்ளாடவில்லை. சைஜாவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டு, நாணலுக்குள் மறைத்துக் கட்டியிருந்த படகை அவிழ்த்து ஏறினார். இரண்டு துடுப்புகளும் சீராகத் தண்ணீரில் விழுந்தன.

அப்பா திரும்பி வந்தபோது பலகை காலியாக இருந்தது. நாணலுக்கு அப்பாலிருந்து அதே தாளம் தப்பிய பாட்டு, முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது.

"பாவம், இந்தப் போதையில அவ்வளவு தூரம் எப்படித்தான் நடப்பானோ," என்றார் அப்பா.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றாள் சைஜா.