ஆயிரம் கூடை

"என்ன பிள்ளே, எனக்குக் கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு அக்கா. நீங்க நடங்க."

மதலேனாள் நடக்கவில்லை. தலையில் மீன் கூடையோடு குனிய முடியாது. ஆகையால் கண்ணை மட்டும் தாழ்த்தி, பூவரசு மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஏசுஅடிமையின் நோட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் சந்தைக்குப் புறப்பட்டாள்.

நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கு டிராம் விடப்போவதாக ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. தண்டவாளத்தைத் திங்கள்சந்தை வழியாகப் போடுவதா, மணவாளக்குறிச்சி வழியாகப் போடுவதா என்பதுதான் 1931-ல் குளச்சலில் பெரிய பேச்சு. அதைத் தீர்மானிக்க, இரண்டு ரோட்டிலும் ஏழு நாள் ஆள் எண்ணினார்கள். திங்கள்சந்தை ரோட்டுக்கு ஏசுஅடிமை.

மாட்டு வண்டிக்கு ஒரு பக்கம், நடந்து போகிறவர்களுக்கு ஒரு பக்கம், சந்தைக்குப் போகும் மீன் கூடைக்காரிகளுக்குத் தனிப் பக்கம். "கூடை ஆயிரத்தைத் தாண்டுதான்னு பாரு. அதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி எஞ்சினீயர் மோட்டாரில் ஏறிப் போனார். ஏசுஅடிமை அதை அப்படியே மதலேனாளிடம் சொன்னான். ரகசியம் என்று யாரும் சொல்லவில்லையே.

மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்தார்கள்.

"மூணு நாளைக்கு இருநூத்தி எழுவதா? ஆயிரத்துக்குக் காணாதே பிள்ளே!"

"காணாதுதான் அக்கா. இப்பிடியே போனா டிராம் மணவாளக்குறிச்சிக்குப் போயிரும்."

மதலேனாள் அவனை ஒரு கை பிடிக்கச் சொல்லிக் கூடையை இறக்கினாள். சும்மாட்டை எடுத்துவிட்டுத் தலையைக் காட்டினாள்.

"எனக்க உச்சியப் பாரு. பதினேழு வருசம் செமந்து, ஒத்த முடி இல்ல. போவட்டும், எனக்க தல போன தல. எனக்க மவ சந்தியாளுக்கு வயித்துல எட்டு மாசம். நேத்து ஓடைக்கிட்ட கூடையோட விழுந்தா. டிராம் இந்த வழியா வந்தா, கூடைய ஏத்தி வச்சிட்டு அவ இருந்துட்டே சந்தைக்குப் போவாளே பிள்ளே."

ஏசுஅடிமை பென்சிலைச் சீவினான்.

நாலாம் நாளிலிருந்து ரோடு நிறைந்தது. மணவாளக்குறிச்சி வழியாகப் போகிற பெண்கள் அத்தனை பேரும் இரண்டு மைல் சுற்றிக்கொண்டு இந்த வழியே வந்தார்கள். ஒரு கூடை மீனை இரண்டாகப் பிரித்துத் தாயும் மகளும் சுமந்தார்கள். ஒருத்தியின் கூடையில் மொத்தமே நாலு நெத்திலிதான் கிடந்தது. ஏசுஅடிமை அவளுக்கும் கோடு போட்டான். கம்பெனி கூடையைத்தான் எண்ணச் சொன்னது, மீனை அல்ல.

ஏழாம் நாள் மத்தியானம் கணக்கு முடிந்தது. தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.

"இருவத்தி ரெண்டு காணாது அக்கா."

மதலேனாள் ரோட்டைப் பார்த்தாள். ஒரு வெள்ளாடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நான் வேணும்னா திரும்பிப் போயி இன்னும் ஒருக்கா வரட்டா?"

"நீங்க ஒரு ஆளுதானே."

அவள் இலையில் பொதிந்த சாளை மீனை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் திருப்பித் தள்ளினான்.

"மீனுக்காகச் செய்யுத ஆளு நான் இல்ல அக்கா" என்றவன், நோட்டின் மேல் குனிந்து விறுவிறுவென்று கோடு போட ஆரம்பித்தான். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளையை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் அவன். ஆனாலும் இருபத்திரண்டோடு நிறுத்தாமல் இருபத்தைந்து போட்டான். பாவம் செய்வதென்று ஆன பிறகு அதில் கஞ்சத்தனம் எதற்கு?

"மாதாவு ஒனக்கு நல்லது செய்யும் மக்கா" என்று மதலேனாள் அழுதேவிட்டாள்.

நாலு மணிக்கு எஞ்சினீயரின் மோட்டார் வந்து நின்றது. மதலேனாள் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியிலேயே காத்திருந்தாள். எஞ்சினீயர் மற்ற பக்கங்களைத் தொடவில்லை. நேராகக் கூடைக்காரிகளின் பக்கத்தைத் திருப்பினார்.

"ஆயிரத்து மூணா?"

"ஆமா சார்."

"சரியா எண்ணினியா?"

"ஒரு கூடைகூட விட்டுப்போவல சார்."

எஞ்சினீயர் பேனாவைத் திறந்து, பக்கத்தின் அடியில் 'மணவாளக்குறிச்சி வழி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏசுஅடிமை பதறிப்போனான். "சார், ஆயிரம் தாண்டியாச்சே!"

"தாண்டினதுதான்யா கஷ்டம். அந்த ரோட்டுல நாலு நாளா ஒரு கூடைகூட இல்லைன்னு கணக்கு வந்திருக்கு, அங்கே தொந்தரவே இல்லை" என்று நோட்டை மூடினார் எஞ்சினீயர். "ஆயிரத்துக்குள்ள நின்னிருந்தா, வண்டிக்குப் பின்னால மீன் கூடைக்குன்னே ஒரு பெட்டியைக் கோத்து இந்த வழியாவே விடறதா இருந்தேன், ஒரு பெட்டியில வாரத்துக்கு ஆயிரம் கூடைதான் கொள்ளும்."