நஷ்டப்பட்டவர் கையால்

அந்த மாற்றுப் பொருளாதார விருதுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் யோசனையால் நஷ்டப்பட்ட ஒருவர் கையால்தான் ஜெயித்தவர் அதை வாங்க வேண்டும். அப்படி ஒருவரின் பெயரைக் கேட்டு வந்த படிவம் நாலு நாள் மேஜையில் கிடந்தது. ஐந்தாம் நாள் செண்பகவல்லி தம்பி தனபாலின் பெயரை எழுதினாள். ஆற்றைக் காப்பாற்ற அவள் கொடுத்த அறிக்கையால்தான் அவன் சாயப்பட்டறை மூடப்பட்டது. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மாவின் காரியத்தில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்துவிட்டான். மேடையேறி, மரக் கேடயத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“ஆத்துல மீனெல்லாம் வந்துருச்சாமா?”

“வந்துருச்சு தம்பி. நீ சாப்பிட்டியா?”

“எதை, உன் மீனையா?”

“ரெண்டு பேரும் இப்படிப் பாருங்க” என்றார் போட்டோக்காரர். பார்த்தார்கள். கைதட்டல் ஓய்ந்தது. அறிவிப்பாளர் அடுத்த பெயரை வாசித்துவிட்டார். கேடயத்தின் ஒரு ஓரம் அவள் கையில், மறு ஓரம் இன்னும் அவன் கையில். லேசாக இழுத்தால் வந்துவிடும். வந்துவிட்டால் அவன் இறங்கி பஸ் ஏறிவிடுவான்.

அவள் இழுக்கவில்லை.