சியாமேயின் கறுப்புத் திரை

“என் மெஷினைத் தொட்டது யாரு?”

சியாமே போட்ட சத்தத்தில், வாசலில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறவள்கூட எட்டிப் பார்த்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நமுகோலோ தலையைக் குனிந்துகொண்டாள். தொட்டவள் அவள்தான்.

லுசாகா நகரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் பிழைப்பே மழைதான். எங்கே எப்போது மழை பெய்யும், எப்போது விதைக்கலாம் என்று விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்புவார்கள். அன்று ஒரு விதைக் கம்பெனியின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போட வந்திருந்தார்கள்.

முதலாளி சியாமே தன் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில், ஊர்வாரியாக மழை விவரம் காட்டும் மழைக் கட்டளையை அடித்தார். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது அது. மறுபடி அடித்தார், அதே பதில். அதற்குத்தான் அந்தச் சத்தம்.

“காலையில என் லுபுதோ ஃபோல்டரைக்கூட பாத்துல போட்டேனே, நல்லாத்தானே இருந்துச்சு!”

லுபுதோ அவர் மகள். புதிதாக எந்த ஃபோல்டர் திறந்தாலும் மகள் பெயரைத்தான் வைப்பார். எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு வழி சொல்லும் பட்டியல்தான் பாத். அது கெட்டால் மெஷினைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான்.

வந்தவர்கள் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். கதவு சாத்தியதும் சியாமே, அங்கே வேலை பார்க்கும் சோங்கோவின் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்கு முற்பகல்ல இதுல உட்கார்ந்தது நீதானே?”

“உட்கார்ந்தேன் ஐயா. பாத்தைத் தொடல.”

“பின்னே பேயா வந்து தொட்டுச்சு? பையை எடுத்துட்டுக் கிளம்பு. நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராதே.”

சோங்கோ பையைத் தோளில் மாட்டினான். அவன் மாடு வளர்க்கும் டோங்கா இனம், நமுகோலோ மீன் பிடிக்கும் லோசி இனம். இரண்டு இனமும் மாமன் மச்சான்போல முறைக்காரர்கள். கேலி செய்துகொள்ளாவிட்டால்தான் வருத்தம்.

“ஏ மீன்காரி, இனிமே மத்தியானம் என் பங்கு ந்ஷிமாக் களியையும் நீயே தின்னு. கேக்க ஆளில்ல.”

‘போடா மாட்டுக்காரா’ என்று மற்ற நாளில் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் மனைவிக்கு இந்த மாதமோ அடுத்த மாதமோ பிரசவம். நமுகோலோவுக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

அன்று மத்தியானம், கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன், சியாமே சாப்பிடப் போன நேரத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் திறந்த கறுப்புத் திரையை அவர் சாயங்காலம் கிளம்பும்போதுதான் மூடுவார். அவள் அதில் கைவைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து, தன் படிப்புக்கான ஃபோல்டரைப் பாத்தில் சேர்த்து, சேமித்தாயிற்று என்று வந்ததும் மூடிவிட்டாள். கேட்காமல் செய்தது தப்பென்று அப்போதே உறுத்தியது.

இப்போது சொன்னால் வேலை போய்விடும், இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. வெளியே சோங்கோ கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“ஐயா, தொட்டது சோங்கோ இல்ல. நான். நீங்க சாப்பிடப் போனப்போ பாத்துல ஒண்ணு சேர்த்துட்டேன்.”

சியாமே அவளை மேலும் கீழும் பார்த்தார். “அவனை அனுப்புறவரைக்கும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

“பயந்துட்டேன் ஐயா. என்னை அனுப்பிடுங்க. அவனைக் கூப்பிடுங்க.”

“முதல்ல உட்காரு. போட்டதை நீயே எடு.”

ஒரு புதுக் கறுப்புத் திரையைத் திறந்தாள். எடுப்பதற்கு முன் பார்த்துவிடுவோம் என்று மழைக் கட்டளையை அடித்தாள். ஊர் ஊராக மழை விவரம் கடகடவென்று வந்து விழுந்தது.

“ஓடுதே ஐயா!”

“அப்ப இது மட்டும் ஏன் ஓடல?” பழைய திரையைக் காட்டினார் சியாமே.

“நான் சேமிச்சது அதுக்கப்புறம் திறக்குற திரைக்குத்தான் ஐயா. ஏற்கெனவே திறந்து கிடக்குறதை அது ஒண்ணும் பண்ணாது. இது நீங்க காலையில திறந்தது…”

சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. மேல்நோக்கும் அம்புக்குறியை அழுத்தினால், அந்தத் திரையில் அடித்ததெல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வரும். அழுத்தினாள். மழைக் கட்டளை வந்தது, மறுபடியும் அதுவே வந்தது. அதற்கு முந்தைய வரி பாத்தைப் பற்றியது. பழைய பாத்தோடு சேர்க்காமல், எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் அதில் வைத்திருந்தது.

லுபுதோ.

சியாமே திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டார். பிறகு மேஜைமேலிருந்த கார் சாவியை எடுத்தார். இந்தமுறை அவர் குரல் வெளியே கேட்கவில்லை.

“சோங்கோ பஸ் ஏறியிருப்பானா?”