அடுத்த மாசத்தார்

"தேதி மட்டும் உங்க வாயால சொல்லிடாதீங்கப்பா. நீங்க சொன்ன தேதியில எது நடந்திருக்கு?"

லிஃப்ட் கண்ணாடி முன்னால் அப்பாவின் காலரைச் சரிசெய்துகொண்டே மகன் சொன்னான். சம்பந்தம் பேசப் போகிற நேரத்தில் அவன் ஜம்மென்று நிற்க, பெரியவர்தான் வேர்த்து வழிந்து கர்ச்சீப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

வேர்க்காமல் என்ன செய்யும்? போகிற வீடு அப்படி.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் பிராசஸர் செய்கிற கம்பெனிகள் இரண்டு எலியும் பூனையுமாக இருந்தன. ஒன்றில் இவர் டிசைன் தலைவர். மேடையேறி, "அடுத்த மாசம் வந்துடும்" என்பார். அடுத்த மாசம் வரும், பிராசஸர் வராது. தொழிலில் இவருக்குப் பெயரே 'அடுத்த மாசத்தார்'. எதிர்க் கம்பெனியின் தலைவி அந்த அம்மாள். இவர் ஒரு தேதி சொன்னால், மறுநாளே அதற்கு முந்தி ஒரு தேதி சொல்வார். இவர்கள் கேன்டீனில் அவருக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. சொன்ன தேதியில் அவர்களுடையதும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது இவர் மகனுக்கும் அந்த அம்மாளின் மகளுக்கும் ஒரே ஆபீஸில் எதிரெதிர் மேசை. காபி குடிக்கிற சாக்கில் என்ன பேசினார்களோ, பேச்சு சம்பந்தம் வரைக்கும் வந்துவிட்டது. இங்கே மனைவி இல்லை, அங்கே கணவர் இல்லை. ஆக, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெரியவர்தான் மிச்சம்.

மகள் கதவைத் திறந்தாள். மருந்துக்கும் வெட்கம் இல்லை. "வாங்க அங்கிள்" என்று இவரை உட்கார வைத்துவிட்டு, மகனிடம், "உனக்குச் சர்க்கரை இல்லாமதானே?" என்றாள். அதெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள்!

அம்மாள் வந்து எதிர் சோபாவில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை மட்டும், கண்காட்சியில் எதிர் ஸ்டாலிலிருந்து பார்த்த அதே பார்வை.

"என்ன சார், சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

"பையன் கார் ஓட்டினான் மேடம்."

"அதானே பார்த்தேன்."

இளசுகள் இரண்டும் ஜாடையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டன.

"வந்த விஷயத்தைப் பேசறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றார் அம்மாள். "கடைசிக் கண்காட்சியில ஒரு பிராசஸரைத் தூக்கிக் காட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?"

போச்சு. இந்தச் சம்பந்தம் தவறிவிட்டால் இந்த வயதில் அதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

"இல்லாம என்ன? ஹாலே எழுந்து கை தட்டுச்சே!"

"தட்டுச்சு. நான் முதல் வரிசை. அதுக்குக் காலே இல்ல சார்."

பிராசஸரின் அடியில் பொடிப் பொடியாகக் கம்பிக் கால்கள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் போர்டில் செருகுவார்கள். கால் இல்லை என்றால் அது வெறும் தகரம்.

பெரியவர் தலையைச் சொறிந்தார். "வெறும் மூடிதான் மேடம். அசல் அன்னிக்கு லேப்ல உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்துச்சு. தெரிஞ்சும் ஏன் எந்திரிச்சு மானத்தை வாங்கலை?"

"எந்த முகத்தோட வாங்கறது? மத்தியானம் எங்க டெமோவைப் பார்த்தீங்கல்ல?"

"வயித்தெரிச்சலோட பார்த்தேன். என்ன வேகம்!"

"எங்களோடது காலையிலேயே புகைஞ்சுடுச்சு. கடைக்கு ஆளை அனுப்பி உங்க பழைய பிராசஸரை வாங்கிட்டு வந்து, திரைக்குப் பின்னாடி சொருகி ஓட்டினோம்."

பெரியவர் காபியை அப்படியே மேசையில் வைத்தார்.

"அடப்பாவமே! அந்த வேகத்தைத் தாண்டணும்னுதானே மேடம் எங்க டிசைனையே அழிச்சுட்டு முதல்லேருந்து போட்டோம்! அதுலதானே மறுபடியும் தள்ளிப்போச்சு!"

"உங்களை நீங்களே துரத்திக்கிட்டு ஓடியிருக்கீங்க" என்று அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாம ஒருத்தரை ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தோம். எவனோ ஒருத்தன் போனுக்குள்ள ஒரு பிராசஸரை வெச்சு, மொத்தச் சந்தையையும் வாரிக்கிட்டுப் போயிட்டான்."

"எங்க கட்டடம் இப்ப குடோன் மேடம். அந்தப் பக்கம் போறப்பல்லாம் என் ஜன்னலைத் தேடறேன்."

"எங்களோடதுல ஜிம் நடக்குது" என்றார் அம்மாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஸ்டால் பிரிக்கறப்ப மெஷின் காபி ரெண்டு கப் கொண்டுவந்து, ஒண்ணை நீட்டுவீங்க. குடிச்சு முடிக்கற வரைக்கும் தொழிலைப் பத்தி மூச்சு விடமாட்டீங்க."

"வாயைத் திறந்தா உண்மையை உளறிடுவேன்னு பயம்."

"மத்தவங்க எல்லாரும் மரியாதையா பேசுவாங்க. நீங்க ஒருத்தர்தான் என்கூடச் சரிக்குச் சரி சண்டை போட்டீங்க. இப்ப சண்டை போடக்கூட ஆள் இல்ல சார்."

பெரியவர் கர்ச்சீப்பை மறுபடியும் கசக்கினார்.

"அப்போ... நாங்க வந்த விஷயம்?" பெரியவரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அம்மாள் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்குச் சம்மதம்."

மகன் எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். மகள் அதற்குள் போனைக் காதில் வைத்துத் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க! அம்மா சரின்னுட்டாங்க! பசங்ககிட்ட சொல்லுங்க, பாட்டிக்குக் கல்யாணம்!"