அடுத்த மாத ராத்திரி முறை

மூன்று மணிக்குள் டூட்டி அட்டவணையைச் சுவரில் ஒட்டியாக வேண்டும். கண் வார்டின் பொறுப்பு நர்ஸ் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேசையில் இரண்டு தாள்கள். மேலே இருந்தது, வார்டில் யாருக்கு எந்த வேளை என்று நிரப்ப வேண்டிய அடுத்த மாத அட்டவணை. அதற்கு அடியில் ஒளித்துவைத்திருந்தது அவளுடைய சொந்த அட்டவணை. மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு எந்த நாளில் எந்தப் பாடம் என்று நாலு வண்ணத்தில் கட்டம் கட்டமாகப் போட்டது.

அது ஏழாவது. ஆறாவதைப் பார்த்த புருஷன், படிக்கிற ஆளை விடு, இந்தத் தாளுக்கே ஒரு சீட் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

தேர்வுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள். ஆஸ்பத்திரி சம்பளத்தோடு படிக்க அனுப்புவது ஒரே ஒருவரை. யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவரை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

எழுதப்போவது இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று அதே வார்டின் கடைக்குட்டி நர்ஸ். எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்கள்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். தாகம் இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

காலை டூட்டி என்றால் இரண்டு மணிக்கு முடியும். பஸ் பிடித்து வீடு போய்ச் சேர மூன்று. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வர நாலரை. நடுவில் ஒன்றரை மணி நேரம். துணி மடிப்பதை மாமியார் தலையில் கட்டினால் முழுசாக ஒன்றரை.

ஆனால் அடுத்த மாதம் ராத்திரி முறை அவளுடையது. ஆள் பற்றாக்குறை, பொறுப்பு நர்ஸுக்கும் விலக்கு இல்லை.

பத்து வருஷம் விபத்துப் பிரிவில் ஓடியவள். அங்கே ராத்திரி என்றால் ரத்தமும் கூச்சலும்தான், ஒதுங்கக்கூட நேரம் வாய்க்காது. விடிந்து வீடு திரும்பினால் கை சாவியைப் பிடிக்காது, இதில் புத்தகத்தை எங்கே பிடிக்கும்? கண் வார்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

மணி இரண்டே முக்கால்.

சின்ன உடம்பு, தாங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மாதம் முழுக்க ராத்திரி என்று வாலுவின் பேருக்கு நேரே மளமளவென்று எழுதினாள். எழுதியது மனசுக்குள் போய் உட்காருவதற்குள் கீழே கையெழுத்தையும் போட்டுவிட்டாள்.

ஒட்டும்போது தாள் கோணலாகப் போய்விட்டது. சரிசெய்ய நிற்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் வாலு அதன் முன்னால் நின்றாள். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் படித்தாள். பொறுப்பு நர்ஸ் மருந்துத் தட்டில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். ஆள் இல்லை, மேலே இருந்து உத்தரவு, நான் என்ன செய்ய. மூன்று பதில் தயாராக இருந்தது.

வாலு நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நானே கேக்கணும்னு ஒரு வாரமா உங்களச் சுத்திச் சுத்தி வந்தேன், வாய் வரல. இங்க ஆபரேஷன் ஆனவங்க எல்லாம் ஒம்பது மணிக்கே தூங்கிடுவாங்க. ரெண்டு தடவ சொட்டு மருந்து விட்டா முடிஞ்சுது. விடியிற வரைக்கும் உக்காந்து படிக்கலாம்."

போன வருஷம் சீட் வாங்கிப் போன அக்காவும் அந்த மேசையில்தான் ராத்திரி ராத்திரியாகப் படித்தாளாம். கண் வார்டு ராத்திரிக்கு அவ்வளவு அடிபிடியாம். அதனால்தான் முறை என்று ஒன்று வைத்ததே. இதையெல்லாம் வாலு மூச்சுவிடாமல் சொன்னாள். யாரும் இதுவரை சொல்லவில்லை. புதிதாக வந்த பொறுப்பு நர்ஸிடம் போய் யார்தான் சொல்வார்கள்?

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது உங்க முறைதானேக்கா. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, இப்பவே மாத்திடலாம்."

வேணும் என்கிற ஒரு சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கு எதுக்குடி? நீ படி."

வாலு ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போனாள், அக்கா தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர்கள்கூட அவள் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார்கள்.